‘தமிழ்’ என்று எழுதிய கதவு திறக்கவில்லை!

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. கந்தோரும் நீதிமன்றமும் பெரியாஸ்பத்திரியும் இந்தப் பக்கம். வயலும் மாடும் வறுமையும் அந்தப் பக்கம். இரண்டையும் நெடுங்காலம் இணைத்து வந்தது ‘பாதை’. பிற ஊரார் பாதை என்றால் தெருவை நினைப்பர். நம் வாவிக்கரையில் பாதை என்பது ஆளையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவன் அந்தப் பாதைக்காகத் துறையில் காத்து நின்றான். பாதை பழுதென்றால் வழக்குத் தவணை தவறியது. பிள்ளைப்பேற்றுக்குப் புறப்பட்டவள் கரையிலேயே தவித்தாள். பாதையைப் பழுது பார்ப்பது பயணிகளுக்குச் செய்யும் தயவு என்று எந்தக் காலத்திலும் எவரும் சொன்னதில்லை.

இன்று அரசாங்கத்துக்கும் குடிமக்களுக்கும் நடுவே வேறொரு பாதை ஓடுகிறது. அதன் பெயர் இணையத்தளம். விண்ணப்பப் படிவம் அங்கே, பரீட்சை அறிவித்தல் அங்கே, வர்த்தமானி அங்கே, வெள்ள எச்சரிக்கை அங்கே. கந்தோர் வாசலில் நின்று கேட்டால், “தளத்தில் போட்டிருக்கிறோம், போய்ப் பாருங்கள்” என்கிறார் எழுதுவினைஞர். போய்ப் பார்த்தவர்களின் கதையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

சில மாதங்களுக்கு முன் படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். உயர்தரம் படித்தவர், தகப்பனார் இல்லை, வீட்டுக்கு மூத்தவர். அரச நிறுவனம் ஒன்றின் பதவி வெற்றிடத்துக்கு விண்ணப்பிக்க முயன்றிருக்கிறார். விண்ணப்பம் இணையத்தளத்தின் மூலம் மட்டுமே ஏற்கப்படும் என்பது நிபந்தனை. கைத்தொலைபேசியை என் மேசைமேல் வைத்தார். பக்கத்தின் உச்சியில் மூன்று மொழிகளின் பெயர்களும் அழகாகவே பொறிக்கப்பட்டிருந்தன. “தமிழ அமத்தினா ஒண்டும் வருதில்ல ஐயா” என்றார். அமத்திப் பார்த்தேன். ‘எங்களைப் பற்றி’ என்ற மூன்று வரி வந்தது. அதற்குக் கீழே யாவும் ஆங்கிலம். தகைமைகளைக் கூறும் அறிவித்தலோ சிங்களத்தில் அச்சடித்த தாளைப் படமெடுத்து ஒட்டியது.

சரி, ஆங்கிலத்திலாவது நிரப்பலாம் என்று அவர் துணிந்திருக்கிறார். முதற் கட்டத்திலேயே தளம் அவரிடம் குடும்பப் பெயரைக் கேட்டது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். தமிழ் மக்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டா? தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். இதுவே நம் வழக்கம். தகப்பன் பெயரை முழுதாக எழுதினால் அடையாள அட்டையோடு ஒவ்வவில்லை. முதலெழுத்தை மட்டும் இட்டால் ‘எழுத்துகள் போதா’ என்று சிவப்பு வரி தோன்றியது. இப்படியும் அப்படியுமாக அவர் மாற்றி எழுதிக்கொண்டிருக்கையில் தளம் குறித்து வைத்த நேரம் கடந்துவிட்டது. பக்கம் தானாகவே மூடிக்கொண்டது. அதுவரை நிரப்பிய அனைத்தும் அழிந்தன. அன்று நள்ளிரவோடு முடிவுத் திகதியும் போயிற்று.

“எனக்குக் குடும்பப் பெயர் எது ஐயா?” என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். இருபது ஆண்டுகளாகச் சட்டத் தொழில் செய்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையிருக்கவில்லை.

இந்த இடத்தில் சில அறிஞர்கள் குறுக்கிடுவார்கள். “இது தொழில்நுட்பக் கோளாறு, இதைப் போய் உரிமைப் பிரச்சினை ஆக்குவதா?” என்பார்கள். ஆக்கத்தான் வேண்டும். வழக்குரைஞன் என்ற முறையில் சட்டத்தையே முதலில் எடுத்து வைக்கிறேன்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கியது. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தமிழுக்குச் சில விசேட ஏற்பாடுகளைச் செய்வதாகச் சொல்லிற்று. அதை நடைமுறைப்படுத்தும் பிரமாணங்கள் 1966இல்தான் வந்தன. சட்டத்துக்கும் அதன் செயலுக்கும் நடுவே எட்டு ஆண்டுகள்! கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்துச் சம்பள உயர்ச்சியை இழந்தார், நீதிமன்றம் சென்றார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1969இல் பிரிவுக் கவுன்சில் அவருக்கு வழக்காடும் உரிமை உண்டென்றது. ஆயினும் மூலக் கேள்வியான ஆட்சிமொழிச் சட்டம் செல்லுமா என்பதற்கு எந்த மன்றமும் முடிவான விடை கூறாமலே காலம் கடந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தமும் 1988இல் பதினாறாம் திருத்தமும் வந்தன. தமிழும் அரசகரும மொழியாயிற்று.

இன்றைய அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைப் படியுங்கள். எந்தக் குடிமகனும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் மறுமொழி பெறவும் உரித்துடையவன். 23ஆம் உறுப்புரையைப் படியுங்கள். சட்டங்களும் கட்டளைகளும் சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும்; அரச நிறுவனங்கள் வழங்கும் சுற்றறிக்கைகளும் படிவங்களும் அந்தந்தப் பகுதியின் நிருவாக மொழியில் இருத்தல் வேண்டும். 25ஆம் உறுப்புரையோ, இம்மொழிகளின் உபயோகத்துக்குப் போதிய வசதிகளை அரசு அளித்தல் வேண்டும் என்கிறது. தாளில் அச்சிட்ட படிவத்துக்கு உள்ள கடமை, திரையில் தோன்றும் படிவத்துக்கு இல்லாமற் போகுமா? தாளை நிறுத்திவிட்டுத் திரையை மட்டும் வைத்தவர்கள், தாளோடு வந்த கடமையையும் சேர்த்தே திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். ‘படிவம்’ என்ற சொல்லுக்கு மை தேவை என்று எந்தப் பொருள்கோடல் விதியும் கூறவில்லை.

ஆகவே, இணையத்தளத்தை எப்படிச் செம்மையாக ஆக்குவது என்பது பொறியியலாளர் தமக்குள் பேசி முடிக்கும் இரகசியம் அன்று. அதற்கு உலகறிந்த நியமங்கள் உண்டு. வலையை உருவாக்கிய திம் பேர்னர்ஸ் லீ 1994இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பை நிறுவினார். அக்கூட்டமைப்பு வலைப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்டும்படி அமைவதற்கான வழிகாட்டியை 1999இல் வெளியிட்டது; 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வளர்த்தது. அதன் சாரத்தை நான்கு சொற்றொடரில் அடக்கலாம்: புலனுக்கு எட்ட வேண்டும், கைக்கு இயல வேண்டும், கருத்துக்கு விளங்க வேண்டும், எந்தக் கருவியிலும் குலையாமல் நிற்க வேண்டும். சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையில் ஒளிவேறுபாடு நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம் தளங்களிலோ வெள்ளைப் பரப்பில் சாம்பல் எழுத்து! நண்பகல் வெயிலில் வயல் வரம்பில் நின்று கைத்தொலைபேசியைப் பார்ப்பவருக்கு அங்கே தெரிவது தன் முகம் மட்டுமே.

நம் மொழிக்கே உரிய ஒரு நோயை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். பாமினி என்ற எழுத்துருவை இலங்கைத் தமிழரில் அறியாதார் இல்லை. கலியாணக் கடிதாசி முதல் கட்சித் துண்டுப்பிரசுரம் வரை அதுவே நமக்குக் கைகொடுத்தது. ஆனால் அதன் உள்ளே இருப்பவை தமிழெழுத்துகள் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் கட்டியிருக்கிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று அச்சடித்தால் கணினி தன் நெஞ்சில் எழுதிக்கொள்வது ஜே, கே, பீ, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் ‘ழ்’ மேலுள்ள புள்ளி! எழுத்துரு இல்லாத கருவியில் வேடம் கலைந்துவிடும். நம் தாய்மொழி பித்தனின் பிதற்றல் போல் தோன்றும். தேடினால் அகப்படாது, படியெடுத்து ஒட்டினால் குப்பை.

இந்நோய்க்கு மருந்து புதியதன்று. ஒருங்குறி 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனி அறையை ஒதுக்கியது. 1995இல் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி வலையில் தமிழை ஏற்றிக் காட்டினார். இலங்கை நியமங்கள் நிறுவனம் 2008இல் 1326ஆம் இலக்க நியமமாகத் தமிழ்க் குறியீட்டை விதித்தது. 2010இல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே தள முகவரி வைக்கவும் அனுமதி கிடைத்தது. நியமம் இருக்கிறது, முகவரி இருக்கிறது. இருந்தும் பாமினியில் அடித்து, தாளில் எடுத்து, அத்தாளைக் கோணலாகப் படம்பிடித்து, அப்படத்தைத் தளத்தில் ஏற்றி, “தமிழில் வெளியிட்டுவிட்டோம்” என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். கண்பார்வையற்ற ஒருவரின் கணினி அப்பக்கத்தை வாசிக்கத் தொடங்கி, ‘படம்’ என்று சொல்லிவிட்டு மௌனமாகிறது. அவருக்கு அரசாங்கம் தமிழில் சொன்ன செய்தி ‘படம்’ என்ற ஒரே சொல்தான்.

எழுத்துச் செம்மையானாலும் கட்டம் செம்மையாக வேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது. ஆங்கிலத்தில் ஆறெழுத்துக்கு அளந்து வெட்டிய பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்பதை அடைத்தால் ‘சமர்ப்பி’யோடு முறிந்து போகும். மேலே கொம்பும் கீழே சுழியும் உடைய எழுத்துகளுக்கு வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக விட வேண்டும். தமிழைக் கடைசி நாளில் கொண்டுவந்து ஒட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. முதல் நாளே தமிழ் தெரிந்தவரை மேசையில் அமர்த்தியவர்களுக்கே தெரியும். அடையாள அட்டை இலக்கமும் இத்தகையதே. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓரெழுத்தும்; 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் செல்லுபடியாகும். ஒன்றை மட்டும் ஏற்கும் படிவத்தை எழுதியவர் நாட்டில் பாதிப்பேரை ஒரே வரியில் வெளியே தள்ளிவிட்டார்.

மொழிபெயர்ப்பின் சீரைப் பற்றிப் பேசாமலே விடலாம் என்று பார்த்தேன். ஆயினும் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்று இருக்க வேண்டிய பேருந்து ஆசனப் பலகையில் ‘த’வுக்குப் பதில் ‘ந’ விழுந்து, நம் தாய்மாரெல்லாம் நாய்மாரான கதையை நாடே அறியும். ஓரெழுத்துத்தான்! அதைப் பார்த்துச் சொல்ல ஒரு தமிழர் அந்த அச்சுக்கூடத்தில் இல்லை. இன்று அந்த வேலையை இயந்திர மொழிபெயர்ப்பிடம் ஒப்படைத்துவிட்டுக் கை கழுவுகிறார்கள். இயந்திரம் உதவட்டும், வேண்டாமென்று கூறவில்லை. ஆனால் சட்ட விளைவுடைய அறிவித்தலில் இயந்திரம் தவறினால் எவர்மீது வழக்கு? கையெழுத்திட்ட அலுவலர் மீதா, அமெரிக்காவிலுள்ள கம்பனி மீதா?

இன்னுமொரு கொடுமை உண்டு. தேர்தல் முடிகிறது, அமைச்சுகளின் பெயர் மாறுகிறது, இரண்டு ஒன்றாகிறது, ஒன்று மூன்றாகிறது. பெயர் மாறிய மறுவாரம் தள முகவரியும் மாறுகிறது. பழைய முகவரியில் இருந்த சுற்றறிக்கை, படிவம், அறிக்கை யாவும் காணாமற் போகின்றன. நீதிமன்றத்தில் நான் சுட்டிய ஆவணத்தின் முகவரியைத் திறந்தால் ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது! நல்ல முகவரி மாறாது என்று பேர்னர்ஸ் லீ 1998இலேயே எழுதி வைத்தார். மாற்றித்தான் ஆக வேண்டுமானால் பழைய வாசலில் நின்று புதிய வாசலுக்கு வழிகாட்ட ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குச் சில நிமிட வேலை போதும். காணிப் பதிவேட்டின் பக்கங்களை ஆட்சி மாறும்போதெல்லாம் கிழித்தெறிவோமா?

அமைச்சர்களின் மாலையணிந்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வருவதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஒவ்வொரு முகமும் குடிமகன் காசு கொடுத்து வாங்கிய தரவைத் தின்கிறது என்பதை மட்டும் குறிக்கிறேன். வாகரைப் பக்கத்து மீனவருக்கு வேண்டியது காற்றின் வேகமும் கடலின் நிலையும். அது நாலு வரி எழுத்து. நாலு வரிக்கு முன்னால் நாற்பது படம் எதற்கு?

காற்று என்றதும் நெஞ்சு கனக்கிறது. 1978 நவம்பரின் சூறாவளியைக் கண்ட மண் இது; 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஏறிய மண் இது. அந்நாட்களில் செய்தி வரவில்லை என்றால் கருவியில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் குடித்தபோது கருவி கைக்குக் கை இருந்தது. எனினும் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிட்டவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. முதலில் பிற மொழியில் போடுவோம், தமிழ் பிறகு வரும் என்ற வழக்கம் பதவி விண்ணப்பத்தில் வேலையைப் பறிக்கும். புயல் நாளில் அதைவிடப் பெரியதைப் பறிக்கும்.

“எல்லாம் சரி, பணம் எங்கே?” என்பது அவர்களின் கடைசி அரண். இந்த அரணை நீதிமன்றங்கள் முன்பே தகர்த்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர், 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக் தளம் தமக்கு எட்டவில்லை என்று 1999இல் முறையிட்டார். படங்களுக்கு விளக்கச் சொல் இல்லை. போட்டிகளின் அட்டவணைக்குப் போக வழியில்லை. திருத்துவதற்கு இருபது இலட்சம் டொலருக்கு மேல் செல்லும் என்று ஒழுங்கமைப்புக் குழு வாதாடியது. மனித உரிமை ஆணைக்குழு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. விளையாட்டுத் தொடங்குமுன் திருத்துக என்று கட்டளையிட்டது. உரியபடி திருத்தாததற்கு இருபதாயிரம் டொலர் இழப்பீடு விதித்தது. முன்னரே செய்திருந்தால் சொற்பச் செலவு. பின்னர் உடைத்துச் செய்வதால்தான் பெருஞ்செலவு என்பதை அந்த வழக்குக் காட்டியது.

கனடாவில் டொனா ஜோடன் என்ற பார்வையற்ற பெண்மணி, அரசாங்க வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க முடியவில்லை என்று தம் அரசாங்கத்தின் மீதே வழக்கிட்டார். 2010இல் அவர் வென்றார். 2012இல் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. படுவான்கரைப் பெண்ணின் குறைக்கும் அந்தப் பெண்மணியின் குறைக்கும் என்ன வேறுபாடு? அவருக்குக் கண் தடை. இவருக்கு மொழி தடை. இருவருக்கும் அடைக்கப்பட்டது ஒரே கதவு. நம் அயலிலும் 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், மின்வழிச் சேவைகளை எட்டும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. இலங்கையோ 1996ஆம் ஆண்டிலேயே அங்கவீனர் உரிமைகளுக்குச் சட்டம் இயற்றியது, 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. ஏட்டில் நாம் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர்!

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கு என்று எவரும் எண்ண வேண்டாம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் வாழும் முஸ்லிம் சகோதரர்கள் இதே தமிழ்ப் பொத்தானைத்தான் அமத்துகிறார்கள். இதே வெறுமையைத்தான் காண்கிறார்கள். ஆங்கிலம் மட்டுமே உள்ள தளத்தின் முன் மொனராகலைச் சிங்கள விவசாயியும் நம்மோடு சேர்ந்தே நிற்கிறார். அவருக்கு விரோதமாக ஒரு சொல்லும் இதில் இல்லை.

பிறரைச் சுட்டிய விரலை இனி நம் பக்கம் திருப்புகிறேன்; நண்பர்கள் கோபிக்கக்கூடும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழரே நாற்காலியில் இருக்கும் கந்தோர்கள் எத்தனை! அங்கேயும் ஆங்கிலத் தளம் பளபளக்கிறது. தமிழ்ப் பக்கம் பல ஆண்டுகளுக்கு முன் போன கூட்டத்தின் படத்தோடு தூங்குகிறது. எந்தத் திகதியில் எழுதியது என்ற குறிப்பும் இல்லை. “தமிழில் யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று என்னிடம் கேட்ட அலுவலர் ஒரு தமிழர். கொழும்பின் மீது சுமத்திவிட்டுத் தப்பக்கூடிய குற்றம் இதுவன்று.

நம் கட்சிகளின் தளங்கள்? தேர்தலுக்குப் பிறந்து தேர்தலோடு மாண்டவை. கொள்கை விளக்கத்தைத் தேடிப் போனால் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து வரவேற்கிறது. கோயில் தளத்தைத் திறந்தால் கேளாமலே நாதஸ்வரம் முழங்குகிறது. திருவிழாத் திகதியைத்தான் காணோம். நம் செய்தித் தளங்களில் ஒரு செய்தியைப் படித்து முடிப்பதற்குள் ஐந்து விளம்பரங்கள் கண்ணில் விழுகின்றன. வாசகன் எங்கே போகிறான் என்று பின்தொடரும் ஒற்றர் நிரல்கள் எத்தனை என்பதை எழுதியவரும் அறியார். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது நமக்கும் சேர்த்துத்தான்.

அழிவைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அது பிறர் இட்ட தீ. ஆனால் 2009 அக்டோபரில் ஜியோசிற்றிஸ் என்ற இலவச இடம் மூடப்பட்டபோது, அங்கே பக்கம் வைத்திருந்த புலம்பெயர்ந்த தமிழரின் எழுத்துகள் தீயின்றியே போயின. படி எடுத்து வைக்க நமக்குத் தோன்றவில்லை. இதற்கு நேரெதிராக, 2005 முதல் நூலகம் என்ற பெயரில் இலங்கைத் தமிழ் ஏடுகளையும் பத்திரிகைகளையும் வலையேற்றிக் காத்து வரும் தொண்டர்களைப் பாருங்கள். ஆடம்பரமில்லாத பக்கம், நூலுக்கு நூல் முகவரி, தேடினால் கிடைக்கும். ஓர் அமைச்சின் பணமோ ஆளணியோ அவர்களிடம் இல்லை. அவர்களால் முடிந்தது திணைக்களங்களால் முடியாதாம்!

சொல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. காரைதீவில் பிறந்து கல்லடியில் துயிலும் சுவாமி விபுலானந்தர், 1930களிலேயே சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் அன்றே தமிழ் தந்தவரின் மண்ணில், ‘கடவுச்சொல் தவறு’ என்று எழுதத் தமிழ் போதாது என்பவரை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாலிபர்களே, கணினி கற்ற தங்கைமாரே, இது உங்கள் வேலை. உங்கள் பிரதேசத்தை ஆளும் ஒவ்வொரு கந்தோரின் தளத்தையும் பழையதொரு கைத்தொலைபேசியில் திறவுங்கள். தமிழை அமத்துங்கள். வந்தது என்ன, வராதது என்ன என்று முகவரி, திகதி, நேரத்தோடு குறித்துத் திரையைப் படமெடுத்து வையுங்கள். பின் அக்கந்தோருக்குத் தமிழில் கடிதம் எழுதுங்கள். தமிழ்ப் பக்கம் எப்போது வரும், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எவரிடம் வேலை கொடுக்கப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அமைத்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்புங்கள். மொழி காரணமாகப் பாகுபாடு காட்டப்பட்டால் 12ஆம் உறுப்புரை இருக்கிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் செல்வதற்கு ஒரு மாதமே தவணை என்பதை மறவாதீர்கள். ‘பார்ப்போம், பேசுவோம்’ என்று இழுத்தடித்து அந்த மாதத்தைத் தின்றுவிடுவது கந்தோர்களின் பழைய வித்தை.

1961இல் நம் முன்னோர் மட்டக்களப்புக் கச்சேரி வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். வெயிலும் அவசரகாலச் சட்டமும் அவர்கள் தலைமேல் விழுந்தன. உங்களை நான் வெயிலில் உட்காரச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயரால் அந்நிறுவனத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். முடிவுத் திகதியை அவருக்கு நீடிக்குமாறும், குடும்பப் பெயர்க் கட்டத்தை நீக்குமாறும், அறிவித்தலைத் தமிழில் எழுத்தாக வெளியிடுமாறும் கேட்டோம். ஐந்து வாரம் கழித்து மறுமொழி வந்தது. அது சிங்களத்தில் இருந்தது. 22ஆம் உறுப்புரையின் தமிழ்ப் படி ஒன்றை இணைத்து, அதே உறையில் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.